கேப்டனின் வைக்கோல் தொப்பி

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு தகவலை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் சுபேதார் ஐயா அவர்களே, வரவேற்புரை என்று சொல்லிவிட்டு என் வாழ்க்கை வரலாற்றையே வாசித்து முடித்த நூலகர் தம்பி அவர்களே, நாற்காலிக்கும் ஷாமியானாவுக்கும் வாடகை வேண்டாம் என்று சொன்ன பந்தல்காரர் அவர்களே, ஒரு காலத்தில் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்து இன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, சுண்டல் வரும் வரைக்குமாவது எழுந்து போகாமல் இருக்கப் போகிற பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மா ஏழு மணிக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும். ஆனாலும் வந்திருக்கிறார். போன வருடமும் வந்தார், அதற்கு முந்தைய வருடமும் வந்தார். நூலகக் கூரை ஒழுகியபோது ஓடு மாற்றிக் கொடுத்தது அவர்தான். அதற்கு இந்த மேடையில் இன்னொரு முறை நன்றி சொல்லிக்கொள்கிறேன். அவரிடம் இன்று வேறொன்றும் கேட்கப் போகிறேன் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பத்து நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்து நான் பேசியதே இல்லை என்பதும், மணி அடித்தாலும் நிறுத்தியதில்லை என்பதும் என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்க ராணுவ வரலாற்றில் மூன்று பேரைப் பற்றிப் பேசுவதாகத் தலைப்புக் கொடுத்திருக்கிறேன். ஒரு படகோட்டி, ஒரு வாத்தியார், ஒரு தோல் பதனிடுகிறவர் மகன். சுபேதார் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏன் சார், நம்ம படையிலே இல்லாத ஆளா? அமெரிக்கா எதுக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்கா என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு கதை. வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டார், லிங்கன் தெருவிளக்கில் படித்தார். முதலாவது, வாஷிங்டன் இறந்த பிறகு ஒரு பாதிரியார் கட்டிய கதை. இரண்டாவது இன்னும் வேடிக்கை. லிங்கன் வளர்ந்தது காட்டுக்குள் ஒரு மரக்குடிசையில். அங்கே தெருவே கிடையாது, விளக்குக்கு எங்கே போவது? அடுப்பு வெளிச்சத்தில் படித்திருக்கிறார், அது சரி. தெருவிளக்கு நம் நீதிபதி முத்துசாமி ஐயருடைய சொத்து. அதை யாரோ தூக்கிக்கொண்டு போய் லிங்கன் தலைக்கு மேலே நட்டுவிட்டார்கள்.

ஆனால் தெருவிளக்குக்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் ஒரு உண்மையான தொடர்பு இருக்கிறது. தெற்குக் கரோலைனாவில் சார்ல்ஸ்டன் என்று ஒரு துறைமுக நகரம். 1850-களில் அந்த நகரத்துத் தெருவிளக்குகளைச் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போன பையன்களில் ஒருவன் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். ஊரெல்லாம் விளக்கேற்றியவன், எந்த விளக்கின் கீழும் உட்கார்ந்து படிக்க முடியாது. அடிமைக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் அபராதம், சிறை, கசையடி என்று 1834-இல் அந்த மாநிலம் சட்டமே போட்டிருந்தது. கற்றுக் கொடுப்பவர் வெள்ளைக்காரராக இருந்தாலும் சரி, தண்டனை உண்டு. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பையன் பிறந்தது 1839-இல், பியூஃபர்ட் என்ற சிற்றூரில், எஜமானர் வீட்டின் பின்கட்டில். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பி வாடகைக்கு விட்டார்கள். மாட்டை வாடகைக்கு விடுவதில்லையா, அப்படி. ஹோட்டலில் சர்வர் வேலை, அப்புறம் விளக்கேற்றும் வேலை, அப்புறம் துறைமுகத்தில் மூட்டை தூக்குவது, பாய்மரத் துணி தைப்பது. கூலி எஜமானருக்குப் போகும், வாரத்துக்கு ஒரு டாலர் இவன் கையில் நிற்கும். பதினேழு வயதில் ஹானா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளும் அடிமை, வேறொரு எஜமானருடைய சொத்து. பெண் குழந்தை பிறந்தது, அதுவும் அந்த எஜமானருக்குத்தான். மனைவியையும் குழந்தையையும் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்க் கேட்டான். 800 டாலர் என்றார்கள். இவனிடம் இருந்தது 100.

நூறு டாலர் வைத்திருக்கிறவன் என்ன செய்வான்? “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.” அதோ, என் பழைய மாணவர்கள் சிரிக்கிறார்கள், வாத்தியார் ஆரம்பித்துவிட்டார் என்று. ஆமாம், முப்பத்து நாலு வருடம் இதே பழமொழியைத்தான் சொன்னேன். இன்றைக்கு அதை அசல் புல்லை வைத்தே நிரூபிக்கப் போகிறேன், பொறுங்கள்.

1861 ஏப்ரல் 12. அடிமை முறையை விடமாட்டோம் என்று தெற்கு மாநிலங்கள் தனியாகப் பிரிந்திருந்தன. சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில், வடக்கின் கையில் இருந்த சம்டர் கோட்டை மீது அந்தத் தெற்கத்திப் படை குண்டு போட்டுப் பிடித்துக்கொண்டது. உள்நாட்டுப் போர் தொடங்கியது. வடக்கின் கடற்படை வந்து துறைமுகத்துக்கு வெளியே வழியை மறித்து நின்றது. உள்ளே பிளான்டர் என்று ஒரு நீராவிக் கப்பல் இருந்தது. பஞ்சு மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டியது. அதில் பீரங்கி வைத்துப் போர் வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். ஸ்மால்ஸ் அதில் சுக்கான் பிடித்தான். வேலை முழுக்க மாலுமி வேலை, ஆனால் பட்டம் மட்டும் கொடுக்கமாட்டார்கள். கறுப்பினத்தவனை, துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் ‘பைலட்’ என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது போல, ‘சக்கரம் பிடிக்கிறவன்’ என்றுதான் எழுதிக்கொண்டார்கள். சரி, பட்டம் இல்லாவிட்டால் என்ன? எந்த இடத்தில் மணல் திட்டு, எங்கே கண்ணிவெடி மிதக்கவிட்டிருக்கிறார்கள், எந்தக் கோட்டைக்கு முன்னால் எந்தச் சங்கு ஊத வேண்டும், எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு நினைவுதான் நோட்டுப் புத்தகம்.

கப்பலின் கேப்டன் ரெல்யா என்பவர். அகலமான வைக்கோல் தொப்பி போடுவார், கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்பார். ஒரு நாள் கேப்டன் இல்லாத நேரத்தில் வேலையாள் ஒருவன் அந்தத் தொப்பியை எடுத்து விளையாட்டாக ஸ்மால்ஸ் தலையில் கவிழ்த்து, “அடேய், அச்சு அசலாகக் கேப்டன் மாதிரியே இருக்கிறாய்” என்று சிரித்தானாம். மற்றவர்களும் சிரித்தார்கள். ஸ்மால்ஸ் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தான்.

1862 மே 12 ராத்திரி. கப்பலில் புதிதாக நான்கு பீரங்கிகள் ஏற்றியிருக்கிறார்கள், மறுநாள் காலையில் ஒரு கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். கேப்டனும் மற்ற இரண்டு வெள்ளை அதிகாரிகளும் ராத்தூக்கத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கப்பலிலேயே தங்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் கறுப்பு வேலையாட்கள்தானே இருக்கிறார்கள், அவர்களால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. சுபேதார் ஐயா தலையாட்டுகிறார். ராணுவத்தில் இப்படி வீட்டுக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும் போல, சொல்லமாட்டார்.

விடியற்காலை மூன்று மணி. கொதிகலனில் தீ மூட்டினார்கள். புகை ஊருக்குள் போனால் நெருப்புப் பிடித்தது என்று மணி அடித்துவிடுவார்களே என்று ஒரு பயம். கப்பல் கட்டியிருந்த இடமோ, சரியாகத் தளபதியின் அலுவலகத்துக்கு முன்னால். காவலுக்கு நின்றவன் பார்த்தான். அதிகாரிகள்தான் எங்கேயோ கிளம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். தெற்கத்திக் கொடியை ஏற்றிக்கொண்டு கப்பல் மெதுவாக நகர்ந்து வேறொரு துறைக்குப் போனது. அங்கே ஹானா, குழந்தைகள், மற்றவர்களின் குடும்பங்கள் ஒளிந்து நின்றார்கள். ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் பதினாறு பேர். பிடிபட்டால் என்ன செய்வது என்று முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள்: கப்பலைத் துளைத்து மூழ்கடிப்பது, மூழ்காவிட்டால் எல்லாரும் கைகோத்துக் கடலில் குதிப்பது. “நீ எங்கே சாகிறாயோ அங்கேயே நானும்” என்று ஹானா சொன்னதாகச் சொல்வார்கள். வீட்டுக்காரன் பஸ் டிக்கெட் எடுக்க மறந்தாலே நாலு நாள் பேசாமல் இருக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது புல்லுக்கு வருகிறேன். கேப்டன் விட்டுப் போன வைக்கோல் தொப்பி உள்ளே மாட்டியிருந்தது. ஸ்மால்ஸ் அதை எடுத்துத் தலையில் வைத்து முகம் தெரியாமல் இழுத்துக்கொண்டான். கேப்டன் மாதிரியே கையைக் கட்டிச் சாய்ந்து நின்றான். வழியில் ஒவ்வொரு கோட்டையாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் உரிய சங்கு ஊதியாயிற்று. கடைசியில் சம்டர் கோட்டை. மணி நான்கரை, கீழ்வானம் வெளுக்கத் தொடங்குகிறது. கூட இருந்தவர்கள், சுற்றிப் போய்விடலாம், நெருங்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள். சுற்றிப் போனால்தான் சந்தேகம் வரும் என்று ஸ்மால்ஸ் நேராகவே விட்டான், அதுவும் அவசரமே இல்லாமல். இரண்டு நீளச் சங்கு, ஒரு குட்டைச் சங்கு. பதில் வர வேண்டும். வரவில்லை. இன்னும் வரவில்லை. கீழே பெண்கள் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே கோட்டைச் சுவரில் காவலாளி பார்க்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தொப்பி. “போய் அந்த வடக்கத்தியான்களை ஊதித் தள்ளு!” என்று கத்திவிட்டு விட்டுவிட்டானாம்.

வைக்கோல் என்றால் என்ன? காய்ந்த புல்தானே! அந்தப் புல்லை முடைந்து செய்த ஒரு தொப்பி, கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய கோட்டையைத் தாண்டிவிட்டது. “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்றால் ஏதோ உவமை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? (கைதட்டினார்கள். நன்றி. பின்வரிசையில் தொடங்கியவர் யார் என்று எனக்குத் தெரியும்.)

கதை முடியவில்லை. குண்டு எட்டாத தூரம் போனதும் தெற்கத்திக் கொடியை இறக்கிவிட்டு, ஹானா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். வெளியே நின்ற வடக்குக் கப்பல்களில் ஒன்று ஆன்வர்ட். மங்கலில் எதிரிக் கப்பல் ஒன்று நேராக வருகிறது, பீரங்கியைத் திருப்பிச் சுடத் தயாராகிவிட்டார்கள். அந்த நேரத்தில் வெயில் விழுந்து விரிப்பு கண்ணில் பட்டது. கோட்டையை ஏமாற்றியது தொப்பி, உயிரைக் காப்பாற்றியது ஒரு போர்வை. ஸ்மால்ஸ் தொப்பியைக் கழற்றி, அமெரிக்க அரசின் பழைய பீரங்கிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லிக் கப்பலை ஒப்படைத்தான். சமிக்ஞைக் குறியீட்டுப் புத்தகமும் கூடவே போனது. அதைவிட விலை உயர்ந்தது அவன் தலைக்குள் இருந்த வரைபடம். இனி நான் அவரை ‘அவன்’ என்று சொல்லக்கூடாது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

வெகுமதியாகக் கிடைத்தது 1,500 டாலர். கப்பலைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்ற சண்டை பல வருடம் நடந்தது, அதை விடுங்கள். அந்த ஆகஸ்டிலேயே வாஷிங்டனுக்குப் போய் லிங்கனையும் போர் அமைச்சர் ஸ்டாண்டனையும் பார்த்தார். கறுப்பின மக்களைப் படையில் சேருங்கள் என்று வாதாடினார். 5,000 பேர் வரை சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தது. 1863 ஏப்ரலில் கியோகக் என்ற இரும்புக் கப்பலை அதே சம்டர் கோட்டைக்கு எதிராக ஓட்டிப் போனார். தொண்ணூறு குண்டுக்கு மேல் வாங்கி அது மறுநாள் மூழ்கியது, இவர் பிழைத்தார். பிறகு அதே பிளான்டர் கப்பலுக்கே கேப்டன் ஆனார். இந்த முறை தொப்பி சொந்தத் தொப்பி.

எனக்கு இவரிடம் பிடித்த இடம் இதெல்லாம் இல்லை. 1864-இல் கப்பலைப் பழுது பார்க்க ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே பல மாதம் தங்க வேண்டியிருந்தது. ஊரெல்லாம் புகழ் பரவியிருந்த ஒரு போர் வீரர், இருபத்தைந்து வயதில், வாத்தியார் வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றார். எழுத்தைக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தார். கோட்டையைத் தாண்டியதை விட அது கஷ்டம், நான் சொல்கிறேன். ஐம்பது வயது ஆளை ‘அ’ எழுத வைத்துப் பாருங்கள், கை நடுங்கும், வெட்கம் பிடுங்கித் தின்னும். அதே ஊரில் அந்த டிசம்பரில் மழையில் டிராம் ஏறியவரை, வெள்ளைக்காரருக்கு இடம் விடு என்று இறங்கச் சொல்லி நடக்கவிட்டார்கள். அதை விடாமல் பிடித்துக்கொண்டு போராட்டம் வளர்ந்தது, 1867-இல் அந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் சட்டத்தை மாற்றியது.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பினார். வரிப் பாக்கிக்காக ஏலம் விட்ட பழைய எஜமானர் வீட்டை ஏற்கெனவே இவர்தான் வாங்கியிருந்தார். பின்கட்டில் பிறந்தவர் முன்வாசல் வழியாகக் குடிபோனார். பழைய சொந்தக்காரர் தரப்பில் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கேயும் ஸ்மால்ஸ் ஜெயித்தார். 1868-இல் மாநில அரசியல் சாசனம் எழுதிய மன்றத்தில் உறுப்பினராகி, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று நின்றார், அது சாசனத்தில் ஏறியது. ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றம் போனார்.

இப்போது அந்த 1834 சட்டம். அடிமைக்குப் படிப்புச் சொல்லித் தந்தால் குற்றம். அறுபத்தோரு வருடம் கழித்து, 1895-இல் அதே மாநிலத்தில் புதிய சாசனம் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு, இல்லாவிட்டால் சொத்துக் கணக்குக் காட்டு என்று வைத்தார்கள். முதலில் படிக்கவிடாதே, பிறகு படிக்கவில்லை என்று ஓட்டைப் பிடுங்கு! அந்த மன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் ஆறே பேர். ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். எதிர்த்துப் பேசினார், தோற்றார், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான், போடமாட்டேன் என்று சொல்ல முடியும்.

அடுத்து வாத்தியார். ஜோஷுவா சேம்பர்லின், மெய்ன் மாநிலத்துப் போடன் கல்லூரியில் பேராசிரியர். மொழி படிக்க ஐரோப்பா போகிறேன் என்று விடுப்பு வாங்கிக்கொண்டு படையில் போய்ச் சேர்ந்தார். இப்படி லீவு போட்ட ஆசிரியரை நான் பணியில் இருந்தபோது பார்த்ததில்லை. 1863 ஜூலை 2, அதே உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் ஒரு சின்னக் குன்று, வடக்குப் படையின் இடது ஓரம். தோட்டா தீர்ந்துகொண்டே வருகிறது, தெற்கின் அலபாமா படை திரும்பத் திரும்ப ஏறி வருகிறது. துப்பாக்கி முனையில் பயனெட் என்ற கத்தியைச் செருகச் சொல்லி, குன்றிலிருந்து கீழே பாயவிட்டார். எதிரி அசந்துபோனான். பயனெட்டும் ஒரு வகையில் புல்தான், அதே பழமொழி. இந்தப் பாய்ச்சலில் யார் பங்கு எவ்வளவு என்று அங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் நடுவில் வரவில்லை.

தோல் பதனிடுகிறவர் மகன் என்று சொன்னது வடக்குப் படைத் தளபதி கிராண்ட்டை. போரின் முடிவில் அப்போமாட்டக்ஸ் என்ற ஊரில் எதிரித் தளபதி லீ பளபளவென்று உடுத்தி வந்து சரணடைந்தபோது, சேறு தெறித்த சாதாரணச் சிப்பாய்க் கோட்டோடு போய் நின்றவர். அவரைப் பற்றிப் பேசினால் தலைவர் அம்மா கல்யாணத்துக்கும் போக முடியாது, சாப்பாட்டுக்கும் போக முடியாது. அடுத்த வருடம் கூப்பிட்டால் பார்க்கலாம்.

ஸ்மால்ஸைப் பற்றி ஒன்று மீதி இருக்கிறது. முறையான நியமனப் பத்திரம் இல்லை என்று சொல்லி, கடற்படைக் கேப்டனுக்கு உரிய ஓய்வூதியம் அவருக்குத் தட்டிக்கொண்டே போனது. கப்பலைக் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரியும், காகிதம்தான் இல்லை. கடைசியில் 1897-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு மாதம் முப்பது டாலர் கொடுத்தது. அப்போது போர் முடிந்து முப்பத்திரண்டு வருடம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தெருவில் ஒரு அம்மா நினைவுக்கு வந்தார். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் திடீரென்று நின்றுவிட்டது. எட்டு மாதம் அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிச் சமாளித்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம் வந்து, அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த கவரை நீட்டினார். ஓரம் கூடக் கிழிக்கவில்லை. “சர்க்கார் கடுதாசி சார், கெட்டுப் போயிடக் கூடாதுன்னு வச்சிருந்தேன்” என்றார். பிரித்துப் பார்த்தால், வாழ்நாள் சான்றிதழ் வரவில்லை, கொடுத்தால் பணம் தொடரும் என்று நாலே வரி. உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன கடிதம், படிக்காமல் அரிசிக்கு அடியில் எட்டு மாதம் கிடந்தது. சுபேதார் ஐயாதான் கூடப் போய் அதைச் சரி செய்தார், அவர் தன் வாயால் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

அந்த அம்மா செங்கல் சூளையிலிருந்து வீடு திரும்ப ஏழரை. நம் நூலகம் பூட்டுவது ஏழு. அரை மணி நேர வித்தியாசத்தில் ஊரில் பாதிப் பேருக்கு நூலகம் என்பது பூட்டிய கதவு. ஒன்பது வரை திறந்து வையுங்கள், அதில் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று ஒரு அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்று முறையும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரே பதில். நாற்காலி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பலகை நான் வாங்கித் தருகிறேன். சம்பளம் வேண்டாம். தலைமையாசிரியை வாரத்தில் இரண்டு நாள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சற்று முன்னால்தான், மேடையில் வைத்துக் கேட்டதால் மறுக்க முடியவில்லை. மின்கட்டணம் கூடுதலாக வருவதற்குத் தலைவர் அம்மா மனது வைக்க வேண்டும், அதுதான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கோரிக்கை. அம்மா சிரிக்கிறார், குறித்துக்கொள்ளுங்கள் தம்பி.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு நாலாவது மனுவை வைத்திருக்கிறேன். நூல் கட்டிய பேனா இருக்கிறது, போன தடவை மாதிரி யாரும் எடுத்துப் போக முடியாது. பக்கத்தில் கைநாட்டு மை டப்பாவும் வைத்திருக்கிறேன். அதில் விரலைத் தொடுகிறவர்கள் பெயரை மட்டும் ஒரு தனிக் காகிதத்தில் நான் எழுதிக்கொள்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. திங்கட்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்கு அந்தக் காகிதத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவேன். நூலகம் திறக்கிற வரைக்கும் வகுப்பு என் வீட்டுத் திண்ணையில்.

சுண்டல் வந்துவிட்டது போலிருக்கிறது. வணக்கம்.